சூரபத்மன் சாம்ராஜ்யம் யார் சொத்து?

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு விண்வெளிக் கதை எழுத உட்கார்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கதை, ஆனால் எல்லாம் ஒரே பிரபஞ்சத்தில் நடக்கும். ஹீரோ யார், கப்பலுக்கு என்ன பேர் என்பதெல்லாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவாகிவிடும். தகராறு ஆரம்பிக்கும் இடம் வில்லன். அந்த ஏலியன் சாம்ராஜ்யம் எங்கிருந்து வந்தது? எதற்காகப் பூமி மேல் படை எடுக்கிறது?

ஒருத்தர் சொல்வார், அவர்கள் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள், பழி வாங்க வருகிறார்கள் என்று. இன்னொருத்தர் சொல்வார், அதெல்லாம் கிடையாது, அவர்கள் பிறவியிலேயே போர் வெறியர்கள் என்று. மூன்றாமவர் யாரையும் கேட்காமல் நாற்பது பக்கம் எழுதி முடித்திருப்பார். நாலாமவர் "சரி, ஓட்டு போட்டுடலாம்" என்பார். ஓட்டில் தோற்றவர் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதோடு பிரபஞ்சம் காலி :)

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு கேள்வியில்தான் கூட்டாக எழுதும் பல முயற்சிகள் கவிழ்கின்றன. எதிரியின் வரலாற்றை யார் எழுதுவது, எழுதியதை யார் மாற்றலாம்? இதற்கு விடை தேடி அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால், பள்ளிப்பட்டில் பஸ் ஏறித் திருத்தணியில் இறங்கினாலே போதும்.

மலை மேல் ஒரு பிரபஞ்சம்

முதலிலேயே ஒன்று. பக்தி வேறு, கதை கட்டும் முறை வேறு. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி மட்டும். சாமி கண்ணைக் குத்தாது.

கந்த புராணத்தைச் சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டவர்கள், ஒரு தடவை அறிவியல் புனைகதை படிக்கிற கண்ணோடு அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். சூரபத்மன் வாங்கும் வரம் என்ன? 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆள வேண்டும். ஒரு நாடு இல்லை, ஒரு உலகம் இல்லை, 1008 அண்டம்! தலைநகரம் வீரமகேந்திரபுரம், தெற்குக் கடலின் நடுவே. அண்டம் விட்டு அண்டம் போக இந்திரஞாலத் தேர். தம்பிகள் சிங்கமுகனுக்கும் தாரகனுக்கும் தனித்தனி நகரங்கள். மகன் பானுகோபனோ தொட்டிலில் கிடக்கும்போதே தன்னைச் சுட்ட சூரியனைப் பிடித்துச் சிறை வைத்தவன். தோற்ற தேவர்கள் அசுரர்களுக்கு மீன் சுமக்கிறார்கள், இந்திரன் சீர்காழியில் ஒளிந்திருக்கிறான், அவன் மகன் சயந்தன் சிறையில். எந்த விண்வெளி சாம்ராஜ்யக் கதைக்கும் இது குறைந்ததில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் புராணத்தின் அமைப்பு. காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய அந்த நூலில் ஆறு காண்டங்கள்: உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தக்ஷ. இதில் இரண்டாவது காண்டம் முழுக்க எதிரியின் முன்கதை. அவர்கள் தாய் மாயை யார், தந்தை காசிபர் யார், என்ன தவம், என்ன வரம், எப்படி ஆட்சி என்று எல்லாம் வருகிறது. மூன்றாவது காண்டத்துக்கு எதிரியின் தலைநகரத்தின் பேர். வீரவாகு தூது போவது அந்த நகரத்துக்குத்தான். சிங்கமுகன் எழுந்து "தேவர்களை விட்டுவிடு அண்ணா" என்று அண்ணனுக்கு எதிராகவே வாதாடுவதும் அங்கேதான். "அவர்கள் பிறவியிலேயே போர் வெறியர்கள்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

தாரகன் எப்படித் தம்பி ஆனான்?

சரி, இந்த எதிரி யார் என்பதில் எல்லோரும் ஒரே கணக்கு வைத்திருந்தார்களா என்றால் இல்லை.

காளிதாசரின் குமாரசம்பவத்தைப் பார்த்தால், தேவர்களை ஆட்டிப் படைக்கும் அசுரன் தாரகன். அவனை அழிக்க ஒரு மகன் வேண்டும் என்பதற்காகத்தான் சிவபெருமான் கல்யாணமே. அங்கே சூரபத்மன் என்று ஒருத்தன் இல்லை. இந்தப் பக்கம் திருமுருகாற்றுப்படை, பரிபாடல் மாதிரி பழைய தமிழ் நூல்களைப் பார்த்தால் முருகன் அழிப்பது 'சூர்'. கடலும் மாமரமும் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டு ஊரில் இரண்டு வில்லன். இன்றைய கதைக் குழுவாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? "தாரகன் கேன்சல், இனிமேல் சூரன்தான் அதிகாரபூர்வம்" என்று ஒருத்தர் அறிவித்திருப்பார். இன்னொரு கோஷ்டி வெளிநடப்பு செய்திருக்கும்.

கந்த புராணத்தில் இருப்பது வேறு ஏற்பாடு. சூரபத்மன் மூத்தவன், சிங்கமுகன் நடுவில், தாரகன் கடைக்குட்டி. தாரகன் கதை அப்படியே இருக்கிறது. அவன் கிரவுஞ்ச மலையோடு முதலில் விழுகிறான். பெரிய போர் அதற்குப் பிறகு. பழைய வில்லனை யாரும் அழிக்கவில்லை, ஒரு பெரிய குடும்பத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். வடமொழி ஸ்காந்தத்தில் சங்கர சங்கிதையில் இருக்கும் கதையைத்தான் கச்சியப்பர் தமிழில் பாடினார் என்பது மரபு. ஆகவே அந்த முடிச்சை முதலில் போட்டவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். போட்ட விதம்தான் கவனிக்க வேண்டியது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். குறிப்பேட்டில் ஒரு பதிவு தப்பாகிவிட்டால் அதை அழிரப்பரால் அழிக்கக் கூடாது. அழித்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். கீழே ஒரு பிழைத்திருத்தப் பதிவு போட வேண்டும். பழையதும் இருக்கும், திருத்தமும் இருக்கும், கணக்கும் சரியாகும். தாரகன் விஷயத்தில் நடந்திருப்பது ஒரு அழகான பிழைத்திருத்தப் பதிவு.

ஆட்சேபம் கேட்ட கதையும் இந்த மரபிலேயே இருக்கிறது. கந்த புராணம் அரங்கேற்றத்தில் முதல் பாட்டின் முதல் சொல் புணர்ச்சிக்கே "இலக்கணம் எங்கே?" என்று ஒருத்தர் எழுந்து கேட்டாராம். அரங்கேற்றம் நின்றுபோனது. பிறகு சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டு வந்து விதியைக் காட்டினார், வந்தவர் முருகனே என்பது கதை. வீரசோழியம் எழுதிய புத்தமித்திரனார் பௌத்தர். சைவ புராணத்துக்கு வந்த கேள்விக்குப் பௌத்தர் இலக்கணத்தில் பதில்! கதையை மெய்யென்று எடுத்தாலும் சரி, கதையாகவே எடுத்தாலும் சரி, கடவுளே அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டுக்கும் கேள்வி கேட்க இடம் இருந்தது, ஆதாரத்தோடு பதிலும் சொல்லப்பட்டது.

போர் நடக்காத ஊர்

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க நிற்க இடம் இருக்காது. பல முருகன் கோயில்களில் அன்றைக்கு அதுதான் விழா. திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது! அந்த நேரத்தில் அங்கே நடப்பது புஷ்பாஞ்சலி. போர் முடிந்து கோபம் தணிந்த இடம் தணிகை, கோபம் தணிந்த இடத்தில் எப்படிப் போர் நடத்துவது என்பது அந்த மலையின் நியாயம்.

எத்தனை நாசூக்கான ஏற்பாடு பாருங்கள். திருத்தணி திருச்செந்தூரை மறுக்கவில்லை. போர் நடந்தது, சூரன் மயிலும் சேவலும் ஆனான் என்பதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் "எங்கள் பங்குக்கு அந்தக் காட்சி வேண்டாம்" என்கிறது. தன் பங்கை வேறு மாதிரி எழுதிக்கொண்டது. கந்த புராணம் இருக்கும்போதே, 18-ஆம் நூற்றாண்டில் இன்னொரு கச்சியப்பர், கச்சியப்ப முனிவர், இந்த மலைக்கென்றே தணிகைப் புராணம் பாடினார். "ஏற்கனவே ஒரு கச்சியப்பர் எழுதியாச்சே" என்று அவரை யாரும் தடுக்கவில்லை.

வள்ளி விஷயமும் இதே மாதிரிதான். காட்பாடிப் பக்கம் இருக்கும் வள்ளிமலைதான் அவள் ஊர் என்று இங்கே சொல்வார்கள். இலங்கையில் கதிர்காமத்தில் கேட்டால் வள்ளி அந்தக் காட்டு வேடர் பெண் என்பார்கள். இரண்டு இடத்துக்கும் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓட்டெடுப்பு நடத்தி ஒரு வள்ளியை வெளியேற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் அனுபவம் உண்டு. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்தப் பகுதி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போன்றவர்களின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல் இந்தப் பக்கம் வந்தது. வரைபடத்தில் கோடு மாறியது. மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிடுவது மாறவில்லை. கதையில் பங்கு யாருக்கு என்பதை அந்தக் கோடு முடிவு செய்யவில்லை.

இப்போது ஹாலிவுட்

அழிரப்பர் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் உதாரணம். படங்களுக்கு வெளியே, பல எழுத்தாளர்கள் வருஷக்கணக்கில் நாவல், காமிக்ஸ் என்று எழுதி அந்தப் பிரபஞ்சத்தை வளர்த்தார்கள். 1991-ல் திமோதி ஸான் தன் நாவலில் த்ரான் என்ற நீலத்தோல் ஏலியன் தளபதியைக் கொண்டு வந்தார். 2012-ல் லூகாஸ் ஃபிலிம் கம்பெனியை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு: இதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ் எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', அதிகாரபூர்வக் கதையில் சேராது. அத்தனை வருஷக் கணக்குப் புத்தகமும் பரண் மேல் போனது.

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. புதுப் படம் எடுக்க வேண்டும், நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு முரண்படாமல் எடுப்பது கஷ்டம். ஆனால் அழித்தது அழிந்ததா? 2016-ல் அதே த்ரான் அதிகாரபூர்வத் தொடரில் திரும்பி வந்தான். 2017-ல் அதே ஸானையே கூப்பிட்டு அவனைப் பற்றிப் புது நாவல் எழுத வைத்தார்கள். வாசகன் மனசில் ஏறிய பதிவை எந்த அறிவிப்பாலும் எடுக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

ஸ்டார் டிரெக் கொஞ்சம் பொறுமையாக நடந்துகொண்டது. 1960-களின் டிவி தொடரில் கிளிங்கன்களுக்கு நெற்றி நம்மைப் போலத்தான். 1979-ல் வந்த படத்தில் திடீரென்று மேடு மேடான நெற்றி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 1996-ல் ஒரு எபிசோடில் வோர்ஃப் என்ற கிளிங்கன் பாத்திரத்திடமே கேட்டுவிடுகிறார்கள். வெளியாட்களிடம் அதைப் பற்றிப் பேசமாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் :) கடைசியில் 2005-ல் ஒரு நோயைக் காரணமாக வைத்துக் கதை எழுதி முடித்தார்கள். இடையில் 26 வருஷம்! தாளாத வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பது என்பது இதுதான். விடை கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

லாரி நிவென் செய்தது இன்னும் புத்திசாலித்தனம். அவருடைய பிரபஞ்சத்தில் க்ஸின் என்று பூனை மாதிரி ஒரு போர்க்குணமுள்ள ஏலியன் சாம்ராஜ்யம் உண்டு. மனிதர்களோடு அவர்களுக்குப் பல போர்கள் நடந்தன என்று எழுதினாரே தவிர, போர்களை விவரித்து எழுதவில்லை. ராணுவ அனுபவம் தனக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டு, 1988-ல் அந்தப் போர்க் காலத்தை மட்டும் மற்ற எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார். போல் ஆண்டர்சன், டீன் இங் போன்றவர்கள் வந்து எழுதினார்கள். போரில் ஜெயித்தது யார் என்பது முன்பே தெரியும். எப்படி, அந்தப் பூனைகள் வீட்டில் என்ன பேசிக்கொண்டன என்பது அடுத்தவர் பங்கு. வரிசை பெரிதாக வளர்ந்ததற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

"ஒரு எடிட்டர் இருந்தால் போதுமே?"

இந்தக் கேள்வி வரும், வர வேண்டும். ஜெர்மனியில் பெரி ரோடன் என்று ஒரு தொடர். 1961-ல் ஆரம்பித்து வாராவாரம் வருகிறது, 2019-ல் 3000-ஆவது இதழைத் தாண்டியது. அதன் ஆரம்பமே ஆர்கோனிடர் என்ற நலிந்துபோன ஏலியன் சாம்ராஜ்யம்தான். எழுதுகிறவர்கள் பலர். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்ற கதைச் சுருக்கத்தை மையத்தில் ஒருவரோ இருவரோ எழுதிக் கொடுப்பார்கள், மற்றவர்கள் அதை நாவலாக்குவார்கள். முரண்பாடு குறைவு, வண்டி ஓடுகிறது.

ஆனால் அது சம்பளம் வாங்கும் வேலை. வாராவாரம் கடைக்குப் போக வேண்டிய சரக்கு. சம்பளம் இல்லாமல் ஆசைக்காக எழுதுகிற நாலு நண்பர்களில் ஒருத்தர் முதலாளி ஆகிவிட்டால் மற்ற மூன்று பேருக்கு மிச்சம் இருப்பது என்ன? பெரி ரோடன் முறை ஒரு கம்பெனிக்குச் சரி. நண்பர்கள் நடத்துவது கம்பெனி அல்ல, கூட்டு வியாபாரம்.

மையத்தில் இருப்பவர் கையில் நிஜ அதிகாரமும் இருந்தால் இன்னும் ஆபத்து. புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் எழுதினார். தோற்றவன் பக்கம் நின்று, அவனை நாயகனாக்கி, அவன் நாட்டின் கதையைச் சொன்ன நூல். 1948-ல் அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971-ல். அந்த நூலின் கருத்தை ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பதிலுக்கு இன்னொரு காவியம் எழுதலாம். ஆனால் எதிரிக்கு ஒரு முன்கதை எழுதியதற்காக 23 வருஷம் பூட்டி வைப்பது என்ன நியாயம்? "எது அதிகாரபூர்வம்" என்ற கேள்வி வெறும் விளையாட்டு இல்லை என்பதற்குத்தான் இந்த உதாரணம். அது எப்போதுமே "யார் பேசலாம்" என்ற கேள்வியும்கூட.

பாடப் புத்தகத்திலேயே விடை

பி.காம். மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடும் ஒரு சட்டம், இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932. அதில் பிரிவு 12(சி) சொல்வது, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது: தொழிலின் சாதாரண விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப்படி முடிவு செய்யலாம். முடிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் தொழிலின் தன்மையையே மாற்றுவதற்கு எல்லாக் கூட்டாளிகளின் சம்மதமும் வேண்டும்.

கதைப் பிரபஞ்சத்துக்கும் இதையே வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். ஏலியன் கப்பலின் நிறம், தளபதியின் பேர், எந்த வருஷம் எந்தக் கிரகம் விழுந்தது, இதெல்லாம் சாதாரண விஷயம். பேசிவிட்டு ஓட்டு போடலாம். அந்த சாம்ராஜ்யம் ஏன் இருக்கிறது, அவர்கள் அடிமைகளா, வெறியர்களா, வரம் வாங்கி மமதையில் கெட்டவர்களா என்பது தொழிலின் தன்மை. எல்லோருடைய கதையும் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டு ஜெயித்தாலும் மாற்றக் கூடாது. நாலு பேரும் ஒத்துக்கொள்ளும் வரை அனாமத்தில் கிடக்கட்டும், தப்பில்லை.

கூடவே, ஏற்கனவே எழுதி நாலு பேர் படித்ததை அழிக்கக் கூடாது, திருத்தம் வேண்டுமென்றால் மேலே சேர்க்க வேண்டும். ஒருத்தருக்குப் பிடிக்காத காட்சியைத் தன் பங்கில் எழுதாமல் விடவும் உரிமை வேண்டும், ஆனால் அடுத்தவர் பங்கில் நடக்கவே இல்லை என்று சொல்லும் உரிமை கிடையாது. அந்த நாற்பது பக்கக்காரரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அவருடைய அடிமைகள் கதை அந்த சாம்ராஜ்யத்தின் ஒரு மாகாணத்தின் கதையாக இருந்துவிட்டுப் போகட்டும். தாரகனே தம்பியாக வாழவில்லையா?

அடுத்த ஐப்பசியில், திருச்செந்தூரில் சூரன் தலை மாறி மாறி வந்து விழுந்துகொண்டிருக்கும் அதே மாலையில், திருத்தணி மலை மேல் கூடை கூடையாகப் பூ கொட்டுவார்கள். ஒரே கதை, ஒரே நாள். இரண்டு கூட்டமும் பிரசாதம் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகும். இத்தனை வருஷமாக இவர்களுக்கு முடிந்திருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் நாலு பேனாவும் வைத்திருப்பவர்களுக்கு முடியாதா என்ன?